சாரங்காவின் இடத்தில் புஸ்பவதி

தலைமையைத் தாங்கி, தமிழைத் தாங்கி, எங்கள் தாமதங்களையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருக்கும் தலைவி சறோஜா அக்கா அவர்களே! அல்பெர்கேரியா ஒழுங்கைகளிலிருந்து நடந்தும், பகேரியாவிலிருந்து ரயிலேறியும் வந்து அவை நிறைத்திருக்கும் பெரியோர்களே! வாரம் முழுக்க ஊரார் வீட்டுத் தரையைத் துடைத்துவிட்டு, இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பட்டு உடுத்து வந்திருக்கும் பாசமிகு தாய்மார்களே! தமிழில் கேட்டு இத்தாலியனில் சிரிக்கும் எங்கள் செல்வங்களே! முன்வரிசையில், ஒரு சொல்லும் விளங்காமலே எல்லாருக்கும் முந்திக் கைதட்டிக்கொண்டிருக்கும் சின்யோரா யூலியானா அவர்களே! வித்தியாலய விடுதிச் சோற்றை ஒன்றாய்த் தின்று, பலெர்மோ நகரிலே ஒன்றாய் நரைத்துக்கொண்டிருக்கும் என் அருமைத் தோழிகளே! அனைவருக்கும் உங்கள் விஜிதாவின் அன்பு கலந்த வணக்கம்.

"ஆரடி நரைச்சது?" என்று பின்னால் ஒரு குரல் கேட்கிறது. சாயம் பூசியவர்கள் கோபிக்க வேண்டாம். நான் பூசாதவர்களைச் சொன்னேன்.

பழைய மாணவியர் சங்கத்தின் பலெர்மோக் கிளை எனக்குத் தந்த தலைப்பு, நட்பும் தொண்டும். நட்பு என்றால் என்ன? நாலு படம் எடுத்து நாற்பது பேருக்கு அனுப்புவதா நட்பு? பிறந்தநாளுக்குக் கேக் படம் போடுவதா நட்பு? நோய் வந்து நொந்து கிடக்கையிலே, கதவைத் தட்டி, "நீ படு, நான் போறன்" என்று சொல்வதல்லவா நட்பு!

நம் சங்கத்தின் தொண்டு ஊரறிந்தது. ஒருத்தி நோயில் விழுந்தால், அவள் வேலை செய்யும் வீட்டுக்கு இன்னொருத்தி போய் நிற்பாள். நிற்காவிட்டால் வீட்டுக்காரர் வேறு ஆளைப் பிடித்துவிடுவார். வேலை போகும். வேலை போனால், இந்த நாட்டில் நம்மை இருக்கவிடும் பெர்மெசோவும் ஆட்டம் காணும். அதனால் போய் நிற்கிறோம். சம்பளம் படுத்திருப்பவளுக்கு, பஸ் காசு போய் நிற்பவளுக்கு. இதுதான் நம் வழக்கம்.

இந்த வருடம் நம் தோழி சாரங்காவுக்கு முதுகில் சத்திரசிகிச்சை. இரண்டு மாதம் குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்றுவிட்டார் டொக்டர். பெர்மெசோ புதுப்பிக்கும் காலமும் அதுவே. அவள் வேலை செய்வது இதோ இருக்கும் சின்யோரா யூலியானாவின் வீட்டில். அங்கே போய் நிற்க முன்வந்தவள் யார்? புஸ்பவதி! வேலை பார்த்த வீட்டார் மிலானோவுக்குக் குடிபோய்விட, வேலையில்லாமல் இருந்த அதே புஸ்பவதி! "பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிறியள்" என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்கள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். தலையைக் குனிய வேண்டாம், நான் பெயர் சொல்ல மாட்டேன்.

இந்தத் தொண்டில் ஒரு நுணுக்கம் உண்டு, தோழிகளே. போகிற இடத்தில் நன்றாக வேலை செய்ய வேண்டும், ஆனால் மிக நன்றாகச் செய்துவிடக் கூடாது! புஸ்பவதிக்கு அது வருமா? விடுதியில் சாப்பாட்டறையின் பொறுப்பாளியாக இருந்தவள். கரண்டி கோணலாக இருந்தாலே கண் சிவப்பவள். பத்தே நாளில் அந்த வீடு பளிங்காகிவிட்டது. சின்யோரா அவளைக் கூப்பிட்டுச் சொன்னா, புஸ்பவதி தமிழாக்கித் தந்தபடி சொல்கிறேன்: "சாரங்கா நல்லவள்தான். ஆனா இனி நீயே நில்லு."

புஸ்பவதி வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவளுடைய கணவர் ஞானசேகரம் அண்ணை என்ன சொன்னார்? "வலிய வாற சீதேவியை ஆரும் காலால உதைப்பினமோ?" அண்ணை, நெளியாதீர்கள். அடுப்பெரிய வேண்டும் என்று நினைப்பது பாவமல்ல. அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "சீதேவி வந்தது சாரங்கா வீட்டுக்கு. நான் கதவு திறந்து விட்டனான், அவ்வளவுதான்."

தட்டுங்கள், தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!

சொல்லிவிட்டாள். ஆனால் "மாட்டன்" என்று சொன்னாலும் சின்யோரா விட வேண்டுமே! நாங்கள் தோழிகள் கூடி ஆளுக்கொரு யோசனை சொன்னோம். "கோப்பியை ஆறவிட்டுக் குடு." "யன்னல் துடைக்காதை." புஸ்பவதிக்கு அது ஒன்றும் கை வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தக்காளிக் குழம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள். சின்யோரா ஒரு வாய் வைத்தா. வைத்துவிட்டுச் சொன்னா: "அப்பாடா! டொக்டர் சொன்னதெண்டு சாரங்கா உப்பே காட்டுறேல்லை. இப்பத்தான் நாக்குக்கு உயிர் வந்தது!"

சிரியுங்கள். அன்று புஸ்பவதி சிரிக்கவில்லை. தோழியின் வேலையைக் காப்பாற்றப் போய் அதற்கே உலை வைத்துவிட்டோமே என்று நடுங்கினாள். சின்யோராவின் இரத்த அழுத்தத்தை நினைத்து இன்னும் நடுங்கினாள். தட்டைப் பறித்துக்கொண்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள். "உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகோணுமெண்டுதான் போட்டனான்."

சின்யோரா திகைத்துப் போனா. "சாரங்கா உன்ரை தங்கச்சியோ?" "இல்லை." "மச்சாளோ?" "இல்லை. ரெண்டு பேரும் ஒரே விடுதி." "அவ்வளவுக்கோ இவ்வளவு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் புஸ்பவதி நாய்க்குட்டியின் கதையைச் சொன்னாள். விடுதியில் அவள் ஒரு குட்டியைத் தகரப் பெட்டிக்குள் ஒளித்து வளர்த்தாள். மேற்பார்வைக்கு விடுதியைப் பார்க்கும் மேற்றன் வந்த நேரம் பார்த்துக் குட்டி குரைத்தது. பிடிபட்டால் புஸ்பவதியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சாரங்கா என்ன செய்தாள்? இருமினாள்! குட்டி குரைக்கக் குரைக்க, அதே சுருதியில் இருமினாள்! மேற்றன் பயந்துபோய் ஒரு கிழமை அவளுக்கு வேப்பெண்ணெயும் கசாயமும் பருக்கினா. அத்தனை கசப்பையும் குடித்தாளே தவிர, வாய் திறந்து தோழியைக் காட்டிக் கொடுத்தாளா? இல்லை, இல்லவே இல்லை!

சின்யோரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தா. பிறகு சொன்னா: "இத்தனை வருஷமா என்ரை வீட்டிலை நிக்கிறாள். அவளிட்டை இப்பிடிக் கதை இருக்கெண்டு நான் ஒருநாளும் கேட்டதில்லையே."

அன்று தொட்டுப் பாத்திரம் கழுவும்போது ஒரு கதை, உடுப்பு மடிக்கும்போது ஒரு கதை, எல்லாம் சாரங்காவின் கதை. இரண்டு மாதம் முடிந்து, இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு, வேலை இருக்குமோ இல்லையோ என்று எண்ணியெண்ணிப் படியேறினாள் சாரங்கா. பக்கத்தில் புஸ்பவதி. கதவைத் திறந்தா சின்யோரா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னா: "வேலை பிறகு செய்யலாம். முதல்லை அந்த இருமலை இருமிக் காட்டு!"

வாசலில் நின்று சாரங்கா குரைத்தாள், தோழிகளே! மூன்று பெண்கள் சிரித்த சிரிப்பில் அந்த மாடிக் கதவெல்லாம் திறந்துகொண்டன. வேலையும் நிலைத்தது, பெர்மெசோவும் வந்தது.

தோழியின் இடத்தில் நின்றவர்கள் நம்மில் பலர். ஆனால் தோழி இல்லாத வீட்டில் தோழியையே குடியேற்றிவிட்டு வந்தவள் புஸ்பவதி! அவளுக்கு இன்னும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. இந்த மேடையில் வெட்கமில்லாமல் கேட்கிறேன், தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லுங்கள்.

இனி நான் எழுந்ததற்கான காரணம். அன்று சிரித்து ஓய்ந்த பிறகு, சின்யோரா கதிரையில் இருந்து ஒரு வார்த்தை சொன்னா: "என்னோடை படிச்சவளவை ஒருத்தியும் மிச்சமில்லை. எனக்கொண்டெண்டால் ஆர் வந்து நிப்பினம்?"

இதைக் கேட்ட பிறகு நாம் பேசாமல் பிரியாணியைத் தின்றுவிட்டுப் போகலாமா? நம் சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பு சொல்கிறது, வித்தியாலயத்தில் கற்றவர்களே உறுப்பினராகலாம் என்று. யாப்பை எழுதியது யார்? நாம்! மாற்றக்கூடியது யார்? நாம்! தலைவி அவர்களே, சின்யோரா யூலியானாவை இச்சங்கத்தின் உறுப்பினராகச் சேர்க்க வேண்டுமென்று நான் பிரேரிக்கிறேன். ஆமோதிப்பவர் யார்?

சாரங்கா எழுந்துவிட்டாள். மெல்லடி, மெல்ல எழும்பு, முதுகு!

சம்மதமுள்ளவர்கள் கை உயர்த்துங்கள். அடேயப்பா! உறுப்பினர் அல்லாத ஞானசேகரம் அண்ணையும் தூக்கிவிட்டார். சின்யோரா, நீங்கள் தூக்கக் கூடாது, இது உங்களுக்கான வாக்கெடுப்பு! புஸ்பவதி, அவாவுக்குச் சொல்லு. அவாவுக்கு ஒன்றென்றால் வந்து நிற்பது ஆர் என்று, இந்தக் கைகளைக் காட்டிச் சொல்லு.

சொல்லிவிட்டாள். பார்த்தீர்களா அந்த முகத்தை! கையை இறக்காதீர்கள், இன்னும் கொஞ்சம் பார்க்கட்டும்.

இருந்து கேட்டவர்களுக்கும், இடமில்லாமல் நின்று கேட்டவர்களுக்கும், தூக்கிய கைகள் ஒவ்வொன்றுக்கும் என் நன்றி. வணக்கம்.