நடவன்று வந்த பரீட்சை

மழையால் செங்கல் சூளையில் வேலை நின்றுவிட, உத்திரமேரூர் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தூறலுக்கு ஒதுங்கிய காவாந்தண்டலம் பஸ் நிறுத்தத்தில் ஒரு மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பாலிசி போட எதுக்குடி எம்.ஏ.? நம்ம தெரு ஏஜெண்டு எட்டாவதுதானே?”

“ஐயோ அத்த, இது இன்சூரன்சு பாலிசி இல்ல, சோஷியல் பாலிசி. சமூகக் கொள்கை. யாருக்கு இன்னா உதவி குடுக்கணும்னு கவருமெண்டு போடற திட்டம்.”

“இன்னாவோ. எப்ப வேணா படிக்கலாம்னுதானே தபால்ல சேந்த? நாளைக்கு நடவு. பரீட்சைய அடுத்த வாரம் எழுது.”

“படிக்கிறதுதான் நம்ம இஷ்டம் அத்த. பரீட்சை அவங்க இஷ்டம். நாளைக்கு உட்டா ஒரு வருசம் பூடும்.”

மாமியார் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டார்.

“புள்ள கீறான்னு எனக்கு முதியோர் பென்ஷன் இல்லன்ட்டாங்களே, அதுவும் இந்தப் பாலிசிதானா?”

“அதேதான்.”

“அந்தப் புள்ள சோறு போடறானான்னு எவனாச்சும் கேட்டானா?”

“அவருக்கே நான்தான் போடறேன்.”

“அப்ப போய் அத எழுதிட்டு வா. நாத்துக்கட்டு தூக்க வேற ஆளு பாத்துக்கறேன்.”

நான் வரட்டுமா என்று அங்கேயே கேட்டேன்; மறுநாள் காலை அந்த அம்மாள் வயலில் நாற்றுக்கட்டு தூக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. அவருடைய பிள்ளை வரப்பில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.