தொந்தரவு செய்ய வேண்டாம்

காபி நன்றாக இருக்கிறது, ஐயா. தட்டு வைக்காமல் வெறும் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள், பரவாயில்லை. காவல் நிலையத்தில் அதையெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது.

என் பெயர் லெனாக்ஸ் ஃபோன்டேன். கப்பலின் பத்தாம் தளத்தில் இருக்கும் பெரிய சூட் ரூமுக்கு நான்தான் பட்லர். உங்களில் யாரும் அப்படி ஓர் அறையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சொல்கிறேன். பியானோ வைத்த கூடம், பால்கனியில் வெந்நீர்த் தொட்டி, இத்தாலியப் பளிங்கில் குளியலறை, எந்தத் தலையணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தனி மெனு. எல்லாவற்றையும்விடப் பெரிய சொகுசு அதன் அமைதி. சத்தம் வெளியே போகாதபடி சுவர்களுக்குள் பஞ்சடைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே கார்னிவல் மேளம் அடித்தாலும் நடைவழியில் கேட்காது.

கதவருகே ஒரு சின்ன சிவப்பு விளக்கு உண்டு. உள்ளே இருக்கும் பொத்தானை அமுக்கினால் வெளியே எரியும். எரிந்தால் கேப்டனே வந்தாலும் கதவைத் தட்டக் கூடாது. பட்லர் மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு போய்வரலாம். தினம் ஒரு முறை 'விருந்தாளி நலம்' என்று அவன் வாயால் சொன்னால் போதும், அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் கப்பலில் பட்லரின் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

விருந்தாளிகளுக்கு அந்த மதிப்பைக் கொடுக்க முடியாது. பணம் இருக்கும், வேறொன்றும் இருக்காது. விரல் கழுவ வைத்த எலுமிச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "சூப் சப்புன்னு இருக்கே" என்று ஒருவர் முகம் சுளித்தார். "உப்பு கொண்டு வரட்டுமா, சார்?" என்று கேட்டேன். என் உதட்டில் சிரிப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நடத்தை அம்மாவிடமிருந்து வந்தது. அவர் பார்படோஸில், பிரிட்ஜ்டவுனில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். காலமாகி நெடுநாள் ஆகிறது.

அந்த அறைக்குத்தான் கிளெமென்சியா லரோண்ட் வந்தாள். 'வந்தார்' என்று சொல்ல வேண்டும், வாயில் வரமாட்டேன் என்கிறது. உங்கள் இந்தத் தீவில், ரோசோ சந்தையில் மீன் வறுத்து விற்றவள். மியாமியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். ஊர் திரும்பும்போது அம்மா ராணி மாதிரி போகட்டும் என்று மகள் இந்த சூட் ரூமை எடுத்துக் கொடுத்துவிட்டாள். பிள்ளைகளுக்குப் புத்தி இல்லை என்றால் இப்படித்தான்.

விருந்தாளியின் பெட்டியைப் பட்லர் பிரித்து அடுக்குவது முறை. பிரித்தேன். உப்பு மீன், மிளகாய்ச் சாறு, நீலச் சலவை சோப்பு. துணியைத் தானே துவைத்துப் பியானோ மூடிமேல் காயப்போட்டாள். ஹோண்டுராஸ்காரப் பணிப்பெண் மாரிசோல் வருவதற்குள் படுக்கையைச் சரிசெய்து, குளியலறைத் தரையையும் முட்டி போட்டுத் தேய்த்து முடித்திருப்பாள். இதெல்லாம் மற்றவர்கள் வேலை என்று எவ்வளவோ பணிவாகச் சொன்னேன்.

"நம்ம அழுக்க இன்னொருத்தி பெத்த பொண்ணு கழுவுறதா? அசிங்கம்ப்பா" என்றாள்.

இந்தத் தீவுப் பெண்கள் எல்லோருக்கும் இருக்கும் வியாதி அது. கேள்விப்பட்டிருக்கிறேன்.

சூட் விருந்தாளியோடு கேப்டன் ஒரு வேளை சாப்பிடுவது வழக்கம். அன்று கேப்டனும் இரண்டு அதிகாரிகளும் மேஜையில் இருந்தார்கள். நான் குனிந்து ஒயின் ஊற்றினேன். அவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டேய், அதே காது. நீ ஆல்பெர்ட்டா மவன்தானே? கரிக்குட்டி. உங்கம்மா கரி மூட்ட மேல உன்னய உக்கார வச்சிட்டு யாவாரம் பாப்பாளே. எங் கடையில எத்தன மீன் தல சப்பியிருப்ப நீ."

அதிகாரிகள் சிரித்தார்கள். "நீங்க பார்படோஸ்னுல்ல சொன்னீங்க, ஃபோன்டேன்?" என்றார் கேப்டன்.

"மதாம் வேறு யாரையோ நினைக்கிறார், சார்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். "ஆமாமா, வயசாச்சுல்ல, கண்ணு சரியாத் தெரியல" என்று சொல்லித் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். மீன் விற்பவள் எனக்காகப் பொய் சொன்னாள். அந்த அருவருப்பு உங்களுக்கு விளங்காது, ஐயா.

எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்தாள். "வாய வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கணும், மன்னிச்சுக்கப்பா. ஆனா உங்கம்மா உசுரோடதான் இருக்கா. எந்தக் கப்பல் வந்தாலும் துறமுகத்துல வந்து நிக்கிறா. நீ எறங்கறதே இல்லயாமே? ரோசோ வரட்டும், நானே உன்னயக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

"நல்லது, மதாம்" என்றேன். வேலையில் நான் யாருக்கும் முடியாது என்று சொன்னதில்லை.

ரோசோவுக்கு முன்னால் இரண்டு நாள் வெறும் கடல். முதல் நாள் காலை தேநீரோடு போனேன். குளியலறைத் தரை முழுக்க சோப்பு நுரை. நடுவில் அவள் கிடந்தாள். பளிங்கைத் தேய்த்தவள் அதன்மேலேயே வழுக்கி விழுந்திருக்கிறாள். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"கரிக்குட்டி, வந்துட்டியா. இடுப்பு போச்சுப்பா. டாக்டரக் கூப்புடு."

தேநீர் சிந்தாமல் மேஜையில் வைத்தேன். பிறகு குளியலறைக் கதவைச் சாத்தினேன்.

வெளியே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விதி விதிதான். வேளாவேளைக்குத் தட்டைக் கொண்டுபோனேன். தொடாத தட்டு திரும்பிப் போனால் சமையலறையில் கேள்வி வரும். அதனால் அந்தக் கூடத்து மேஜையில் உட்கார்ந்து, மடியில் துணி விரித்து, சரியான கத்தி முள்கரண்டியோடு நானே சாப்பிட்டேன். அந்த மேஜையில் அந்த வாரம் ஒழுங்காகச் சாப்பிட்ட ஒரே ஆள் நான். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் தண்ணீர் கேட்டாள். கரிக்குட்டி என்று கூப்பிட்டுத்தான் கேட்டாள். அப்படி யாரும் அந்தத் தளத்தில் வேலை செய்யவில்லை.

மாரிசோல் மட்டும் நடைவழியில் தயங்கி நின்றாள். "அந்தம்மா ரெண்டு நாளா வெளியவே வரலயே, சார். ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டுமா?"

நான் விளக்கைக் காட்டினேன். "கண்ணு தெரியலையா? இப்பதான் மீன் சாப்பிட்டாங்க. நல்லாத்தான் இருக்காங்க."

அவள் போய்விட்டாள். பட்லரின் வார்த்தை.

இரண்டாம் நாள் சாயங்காலம் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வேறு மாதிரி வந்தது. "மிஸ்டர் ஃபோன்டேன். ஐயா. தயவு செஞ்சு கொஞ்சம் தண்ணி குடுங்க, ஐயா." ஒரு வார்த்தை தவறில்லை. முதன்முறையாக ஒரு சூட் விருந்தாளியைப் போலப் பேசினாள். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "நல்லது, மதாம்" என்று பதிலும் சொன்னேன். அப்புறம் காபியைக் குடித்து முடித்தேன்.

ரோசோ மலைகள் தெரிந்தபோது உள்ளே சத்தம் இல்லை. தரையில் காய்ந்திருந்த சோப்புக் கறையைத் துடைத்தேன். பியானோமேல் கிடந்த துணிகளை எடுத்து மடித்தேன். புதுத் துண்டு ஒன்றை அன்னப் பறவைபோல மடித்துக் கட்டில்மேல் வைத்தேன், அது எங்கள் முறை. பிறகு விளக்கை அணைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன்.

நீங்கள் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்கிறீர்கள். இடுப்பு முறிந்து விழுந்தவள் எப்படி எழுந்து வாசலுக்கு வந்து அந்தப் பொத்தானை அமுக்கினாள் என்று. இதற்கு இவ்வளவு யோசனையா? அவள் அமுக்கவில்லை, ஐயா. குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு நேராகப் போய் நான்தான் அமுக்கினேன். கோபத்தில் இல்லை. அந்த அறையின் மரியாதையை யாராவது காப்பாற்ற வேண்டியிருந்தது. கரிமூட்டைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றும் கேட்டீர்கள். காலையிலிருந்து உங்கள் வாசலில் நின்றுகொண்டிருக்கிற கிழவியைத் தெரியுமா என்று. தெரியாது. பார்த்ததே இல்லை. என் அம்மாவைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

ஒரு நாற்காலி மட்டும் போடச் சொல்லுங்கள். நெடுநேரம் நின்றால் அவளுக்கு இடது முட்டி வீங்கிவிடும்.