சத்தமில்லாத பாறை

சத்தம் எனக்கு ஆகாது. சாப்பிடும்போதுகூட மின்விசிறியை நிறுத்திவிடுவேன். கள்ளக்குறிச்சியில் அறை எடுத்தபோதும் பஸ் ஸ்டாண்டிலிருந்து தள்ளித்தான் பார்த்தேன், இன்ஸ்பெக்டர்.

என் வேலை நில அதிர்வு. கல்வராயன் மலைக்கடியில் பாறை எந்த ஆழத்தில் உடைந்தது, எந்தப் பக்கம் நழுவியது என்று பதிவுகளைக் கொண்டு கணக்கிட வேண்டும். தொலைவிலுள்ள நிலையங்களின் பதிவுகளுக்கு ஐந்து கிலோமீட்டரும் பொருந்தும், இருபதும் பொருந்தும். கட்டுரை அனுப்பும்போதெல்லாம் ‘ஆழம் நம்பும்படி இல்லை’ என்று திருப்பினார்கள். வெறுத்தே போனேன். அதிர்வுக்கு நேர் மேலே ஒரு கருவி இருந்தால்தான் உண்டு. வெள்ளிமலையைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில் வேறு வீடே இல்லாத மேட்டில் இருசம்மாள் தனியாக இருந்தார். அவர் வீட்டை ஒட்டிய பாறையில் கருவியை வைத்தேன். பேட்டரி மாற்றுவது அவர் பொறுப்பு. பதிவு உடனுக்குடன் என் அறைக்கு வந்துவிடும்.

போன வருஷம் சிறு அதிர்வுகள் மறுபடி தொடங்கின. அவர் போன் செய்தார்.

“சார், செவுரு வெடிச்சிக்கினு வருதுங்க. வடக்கனந்தல்ல தங்கச்சி வூட்டுக்குப் போய்டட்டா?”

“இது இருபது கிலோமீட்டர் கீழங்க. ஒண்ணும் ஆகாது. நீங்க போய்ட்டா பேட்டரி யார் மாத்துறது?”

“இன்னா சார், அவ்ளோ கீழயா? அப்ப சரிங்க.”

ஆழம் எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே அவர் அங்கே இருக்க வேண்டியிருந்தது.

பெரிய அதிர்வு ஒரு காலையில் வந்தது. பதிவு அபாரம். பின்னதிர்வுகளுக்காகக் காத்திருந்தபோது திரையில் சின்னச் சின்னத் துடிப்புகள். மூன்று, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. பாறை அப்படி உடையாது. இடிந்த சுவருக்கடியிலிருந்து அந்தம்மா தரையைத் தட்டுகிறார் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

ஒரு போன் போதும். ஆனால் ஊரே ஓடி வரும், ஜீப் வரும், ஜேசிபி வரும். அந்த இரைச்சலில் ஒரு பின்னதிர்வும் தேறாது. இத்தனை வருஷம் நான் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும்.

மதியம் அவர் தங்கை கண்ணகி கூப்பிட்டார். “அக்கா போன எடுக்கலீங்க சார். யாரையாச்சும் அனுப்பிப் பாக்கட்டுமா?”

உங்கள் வீட்டுக்குத்தான் கிளம்பியிருக்கிறார், வெள்ளிமலையில் தங்கிவிட்டு நாளை வருவார், வழியில் சிக்னல் கிடைக்காது என்றேன். நன்றி சொல்லிவிட்டு வைத்தார்.

தட்டல் மறுநாள் விடியும்வரை இருந்தது. எரிச்சலாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அது நின்ற பிறகு வந்த பின்னதிர்வுதான் எல்லாவற்றிலும் சுத்தமானது. ஆழம் மூன்று கிலோமீட்டர். இந்த முறை கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்.

இருசம்மாளிடம் இருபது என்று சொன்னது தவறுதான். அதைக் கட்டுரையில் திருத்திவிட்டேன்.