நீலத் துப்பட்டிக்காரனுக்கு எடுத்து வெச்ச கூறு

ஐயையோ, அவனுக்கு அந்த வாளக் குடுக்காதீங்க தம்பி. அவந்தான், நீலத் துப்பட்டி போத்திக்கிட்டு நிக்கறானே, அவனுக்கு. நல்லதா ஒண்ணுமே குடுக்காதீங்க. பாதியில உட்டுட்டுப் போயிருவான். போறப்ப போட்டிருக்கறதக் கூடக் கழட்டித் தரமாட்டான்.

எனக்கு எப்படித் தெரியுமா? நீங்க போன்ல வெளையாடறது புதுசுங்க. இதே ஆட்டத்த நாங்க வெளையாண்டது சோப்பு டப்பா அளவுக்கு ஒரு மெசினுல. ஆளு எறும்பாட்டத்தான் தெரிவான், துப்பட்டி மட்டும் நல்ல நீலம். இருவது வருசம் ஆச்சு, மறக்கல.

சன்னலத் தெறந்து உட்டுக்குங்க. பஸ்ஸு காரவள்ளி தாண்டியாச்சு, இனி மல ஏற எழுவது வளைவு. போனையே பாத்துக்கிட்டு வந்தா வாந்தி வந்துரும்.

நானும் செல்வமும்தானுங்க வெளையாடுவோம். திண்ணனூர் நாட்டுல அவன் ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் நடுவுல மொளகு ஏத்துன ஒரே ஒரு மரம். இப்ப நேரா அவன் ஊட்டுக்குத்தான் போறேன். ரெண்டு வருசமாச்சு பாத்து. வந்து பாப்பேன்னவன் வரல. அவங்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கோணும், நின்ன வாக்குல. அதச் சொல்றேன், இருங்க.

முள்ளுக்குறிச்சில அப்துல் அலீம் பாய்னு மொளகு யாவாரி. அவரு தம்பி வெளிநாட்டுலருந்து கொண்டாந்த மெசினு அது. எழுத்துப் பூராம் ஜப்பான். அவரு ஊட்டுப் புள்ளைங்க புரியலன்னு தூக்கிப் போட்டுட்டாங்க, மூட்ட எறக்கப் போன எங்களுக்குக் குடுத்துட்டாரு. எங்களுக்கு மட்டும் புரிஞ்சுதாங்கறீங்களா? ஒரு எழுத்துத் தெரியாதுங்க. எழுத்து ஏணியாட்ட இருந்தா அடி, பூச்சியாட்ட இருந்தா மருந்து, அப்படியே மனப்பாடம். ஆளுங்க பேசறப்ப செல்வமே கத கட்டி உடுவான். நீலத் துப்பட்டிக்காரன் வாயத் தெறந்தா இவன் பேசுவான், மாப்ள, உசுரு இருக்கற வரைக்கும் உன்ற கூடத்தாண்டான்னு. எனக்குப் புல்லரிச்சுப் போகும்.

அத நம்பித்தான் நல்ல வாளு, நல்ல கவசம் எல்லாம் அவனுக்கே போட்டோம். ஒரு நாளு ஒரு பாலத்து மேல என்னமோ பேசுனான், போயிட்டான். ஆட்டத்துல எங்க கூட்டம் நாலு பேரு, மூணு பேரா ஆயிட்டோம். நான் அழுதேபோட்டேன். செல்வந்தான் சமாதானம் சொன்னான், அவங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்டா, வந்துருவான்னு.

சிரிக்காதீங்க, இன்னும் இருக்குது. எங்கூரு நோம்பில கெடா வெட்டிக் கூறு போட்டா, வெளியூரு போனவனுக்கும் ஒரு கூறு எடுத்து வெப்பாங்க. ஆளு இல்லைன்னு அவன் பங்க மத்தவன் திங்கப்படாது. அதே மாதிரி நாங்களும் போற ஊர்ல எல்லாம் அவனுக்கும் சேத்துக் கவசம் வாங்கி வெச்சோம். கோடாலிக்காரி ஒருத்தி நானும் வாரேங்கற மாதிரி வந்து நின்னா. அது அவன் எடம்னு ரெண்டு தடவ திருப்பி அனுப்புச்சோம். மூணே பேரு போயி, கடசி அரக்கங்கிட்ட அடி வாங்கி அடி வாங்கிச் செத்தோம். மெசினே ஓஞ்சு போச்சு, ஆட்டம் முடியல.

உங்களுது இங்கிலீசுங்களா? அட, இத மூணாவது தடவயா ஆடறீங்க! நான் பாருங்க, உங்களுக்குப் போயிப் புத்தி சொல்லிக்கிட்டு. சரி, அப்பச் சொல்லுங்க தம்பி, அந்தப் பாலத்துல அவன் என்னதான் சொல்லிட்டுப் போறான்?

என்னது? மொத ஊர்லயே சொல்லிடறானா? நான் ராசாவோட ஆளு, பாலம் வரைக்குந்தான் வருவேன், அதுக்கு மேல என்னை நம்பாதீங்கன்னா? சத்தியமா அப்படித்தான் இருக்குதா? தங்கற எடத்துல எல்லாம் அதையேவா சொல்றான்?

அடப் பாவமே. இருவது வருசமா அவனத் துரோகின்னு திட்டிக்கிட்டு இருந்தேன். அவன் சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கான். எங்களுக்குத்தான் படிக்கத் தெரியல.

ரெண்டு வருசத்துக்கு முன்னால செல்வம் எனக்குச் சொன்னது தமிழுங்க. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு வெளங்குச்சு. தனபாலு, ரெண்டே மாசந்தான், வக்கீலுகிட்டப் பேசிட்டேன், மாசம் ஒருக்கா வந்து பாக்கறேன், உங்கம்மாவ எங்கம்மாவாட்டப் பாத்துக்கறேன். என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டுச் சொன்னான். ஒருக்கா வரல. எங்கம்மா ஒத்தையா மரவள்ளி புடுங்கிக்கிட்டுக் கெடந்துருக்குது. வயிறு எரியுதுங்க.

எங்கிருந்து வாரனா? சேலம் ஜெயில்லருந்துதான். காலையில உட்டாங்க. பயப்படாதீங்க, திருட்டுக் கேசு இல்ல. இதே ரோட்டுல ஜீப்பு கவுந்துச்சு. சந்தைக்குப் போயிட்டு ஏறுன பெருமாயிங்கற அம்மா செத்துப்போச்சு. அந்தா, முன் சீட்டுல பச்சச் சீல, திரும்பித் திரும்பி என்னை மொறைக்குதே, அது அவங்க மவ அம்சவேணி. அதுக்கு நாந்தான் கொலகாரன். கோர்ட்டுல நானே ஒத்துக்கிட்டனுங்களே. லைசென்சு இல்லாம ஓட்டுனேன்னு அதுக்கும் சேத்துத்தான் தண்டன.

செல்வத்துக்கு அந்த வாரந்தான் கவர்மெண்டு வேலைக்கு ஆர்டரு வந்திருந்துச்சு. அவம் மேல கேசுன்னா அந்த வேல போயிருமில்ல.

கேள்வி பெருசா ஒண்ணுமில்லீங்க. அம்சவேணிகிட்ட நீ சொல்றயா, நான் சொல்லட்டுமாடா. அவ்வளவுதான். அன்னிக்கு நான் பின்னால அரிசி மூட்ட மேல தூங்கிக்கிட்டுத்தான் வந்தேன். எனக்கு ஜீப்பு ஓட்டவே தெரியாதுங்க தம்பி.