வாயை மூடிக் கண்ணைத் திறக்கச் சொன்ன அம்மையாருக்கு

விருத்தாசலத்து வெயிலிலும் வெள்ளுடை வாடாத வித்தகியே! நோயாளிக்கு நிழலே! நுனிப்புல் மேயும் பயிற்சி மருத்துவர்க்கு நெருப்பே! எங்கள் தலைமை மருத்துவரம்மா அவர்களே! வணக்கம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் இம்மருத்துவமனைக்கு வந்து, இன்று எழுபத்தைந்தில் ஓய்வு பெறுகிறீர்கள். படித்த செருக்கோடு வந்த எங்களை, "வாய மூடுங்க, கண்ணத் தொறங்க" என்றுதான் வரவேற்றீர்கள். கெட்ட சேதி சொல்லும்போது நோயாளியின் கையைப் பார், கண்ணைப் பார், கூட வந்தவரைப் பார் என்றீர்கள். பார்த்தோம், அம்மா! நாங்கள் பார்த்த பார்வையில் மங்கலம்பேட்டைப் பெரியவர் ஒருவர், "என் மூஞ்சில என்னா சினிமாவா ஓடுது?" என்று எழுந்தே போய்விட்டார்.

பிறகு காசியம்மாள் வந்தார். பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் பழமலை, மனைவி சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று அழைத்து வந்திருந்தார். எங்கள் டாக்டர் தங்கதுரை, "உங்க வூட்டுக்காரர் பேரு என்னங்க?" என்றார். காசியம்மாள் தலை குனிந்தார். "சரி, நம்ம ஊரு கோயில்ல இருக்குற சாமி பேரு?" அதற்கும் குனிந்த தலை நிமிரவில்லை. கொண்டவன் பெயரும் மறந்தது, கும்பிடும் சாமி பெயரும் மறந்தது. ஆகவே புத்தி பேதலித்தது, மறுநாள் ரயிலில் சென்னை மனநோய் மருத்துவமனைக்கு அனுப்புக என்று தீர்ப்பளித்தோம். ஐயகோ! பழமலைநாதர் குடிகொண்ட ஊரில் உண்டு உறங்கியும் எங்களுக்கு உறைக்கவில்லையே!

நீங்கள் வந்து ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தீர்கள். காசியம்மாளின் கண் வாசலில் நின்ற கணவரிடமே போவதையும், கை முந்தானையை மார்போடு இறுக்குவதையும் கண்டீர்கள். "பழமலை, போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினீர்கள். கதவு சாத்தியதும், "அவரு பேர நான் எப்படிங்க சொல்லுவேன்? சாமிக்கும் அதே பேருதானுங்களே! சொன்னா அவரு ஆயுசு கொறையுமே!" என்று அழுதார் காசியம்மாள். அழுது முடித்த பின்புதான் மார்பில் கட்டி இருப்பதையும், தெரிந்தால் கணவர் உடைந்துபோவார் என்று மறைத்ததையும் சொன்னார். பைத்தியமென்று ரயிலேற்றியிருந்தால் அந்தக் கட்டியை யார் பார்த்திருப்பார்? அறுவை சிகிச்சை நடந்தது, ஏழு ஆண்டாக அவர் நலமாக இருக்கிறார்.

அம்மா, இம்மடலில் உங்கள் பெயர் எங்குமே இல்லை. பொன்னெழுத்தில் பொறிக்கத்தான் இருந்தோம். நீங்கள் ஓய்வு பெறும் சேதி கேட்டு ஓடிவந்த காசியம்மாள், "அம்மா பேர எழுதாதீங்க. அவங்க நூறு வயசு இருக்கணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அச்சகத்தார் சிரித்தார். மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டவர், "பேரு எங்கங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் படித்தவர்கள்தான். ஆனாலும் உங்கள் ஆயுள் விஷயத்தில் எங்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

இங்ஙனம்,
உங்கள் பெயரை மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும்
மருத்துவர்கள், செவிலியர், பணியாளர்கள்