திருத்தர் மூடிய கேள்வி

சொல்லுக்குச் சொல் சோதனை வைத்து, சோதனைக்குச் சோதனை சண்டை வைத்து, அத்தனை சண்டைக்கு நடுவிலும் ஆண்டுக்கொரு முறை இந்த அரங்கத்தில் கூடிக் கைகுலுக்கும் நம் நிரலர் மன்றத்தின் தலைவர், மதிப்பிற்குரிய அரைப்புள்ளி ஐயா அவர்களே! அடைத்ததைத் திறந்தும் திறந்ததை அடைத்தும் அயராது காவல் காக்கும் செயலாளர், அன்பிற்குரிய அடைப்புக்குறி அம்மையார் அவர்களே! இணையத்தில் ஏசிக்கொண்டும் நேரில் இளித்துக்கொண்டும் முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த உறுப்பினர்களே! பெற்ற பிள்ளை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பகலெல்லாம் அப்படி என்னதான் கிழிக்கிறான் என்று தெரிந்துகொண்டு போக வந்திருக்கும் தாய்மார்களே! மூன்றாவது வரிசையில், ஓரத்து நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் என் அக்கா அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பதினெட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன். சட்டைப் பையில் இருக்கிறது. சொற்செம்மையின் சிறப்பைச் சொல்லி, சொற்சிதைவின் தீமையைச் சாடி, மூன்று இடத்தில் நீங்கள் கைதட்டுவதற்கு இடைவெளியும் விட்டு எழுதிய உரை. அதைப் படிக்க எனக்கு இப்போது வாய் வரவில்லை. ஏன் தெரியுமா? ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அறிவிப்பாளர் தம்பி, "பதினோராயிரம் பதிவுகளைத் திருத்திய பெருமகனார், நம் மன்றத்தின் திருத்தர், இப்போது பேசுவார்" என்று முழங்கினாரே, அப்போது நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் ஒரு தலை மட்டும் வெடுக்கென்று நிமிர்ந்தது.

அந்த நொடி வரைக்கும் திருத்தர் என்பவன் நான்தான் என்று என் அக்காவுக்குத் தெரியாது. "தம்பிக்கு ஏதோ கேடயம் கொடுக்கறாங்க, வந்து பாருக்கா" என்றுதான் கூட்டி வந்தேன். ஆனால் திருத்தர் என்றொருவன் உலகத்தில் இருக்கிறான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவனைப் பற்றி அவள் சொன்ன சொற்களை இந்த மேடையில் நான் சொல்ல முடியாது.

ஆகவே அவையோரே, எனக்கு ஒரே குழப்பம். நான் வந்திருப்பது பரிசு வாங்கவா, பாவமன்னிப்புக் கேட்கவா? இந்தக் கேடயத்தை நான் கையில் வாங்குவதா, அதை வைத்து முகத்தை மறைத்துக்கொள்வதா? உண்மையிலேயே தெரியவில்லை. தெரியாமலேயே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ மேசைமேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. என் உரையின் முடிவில் இதை நான் அழுத்த வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. அழுத்தினால் 'செம்மை' என்ற புதிய நிரல் புறப்படும். நம் மன்றத்தின் நாற்பதாயிரம் பதிவுகளுக்குள்ளும் புகும். பிழையான சொல்லையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுச் சரியான சொல்லை நட்டுவிட்டு, ஒன்பதே நிமிடத்தில் திரும்பி வரும். பதினோரு ஆண்டு நான் கையால் செய்த வேலையை...

என்ன ஐயா? "நிரல் இல்லீங்க, செயலி"யா? ஐயா, உட்காருங்கள். அது நிரலா செயலியா என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தீர்மானிப்போம். போன ஆண்டு சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்தோம், சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

நான் ஏன் திருத்தரானேன்? பொழுது போகாமலா? யாரையாவது மட்டம் தட்ட வேண்டும் என்ற ஆசையிலா? இல்லை, அவையோரே, இல்லை! நான் மின்தூக்கி செய்யும் நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவன். எங்கள் அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் ஒரு பெண் இருந்தாள். நல்ல வேலைக்காரி. 'மெயின் லிஸ்ட்' என்று அவள் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேலாளர் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மேலாளர் நடைவழியில் நின்றபடியே, "மெயின் லிஸ்டை வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சுடும்மா" என்றார். அழித்தாள். நான்கு ஆண்டுப் பராமரிப்புக் குறிப்பு, எந்தக் கட்டடத்தில் எந்தக் கம்பிவடம் எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பு, மொத்தமும் போயிற்று. மறுநாள் அவள் மேசை இழுப்பறையைக் காலி செய்து, சீப்பு, கண்ணாடி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போனாள். சொல் சரியாக இருந்திருந்தால் அவள் வேலை போயிருக்குமா? அன்றைக்கு முடிவு செய்தேன், இனி என் கண்ணில் படுகிற ஒரு பிழைச்சொல்லையும் விடமாட்டேன் என்று.

கைதட்டுகிறீர்கள். தட்டாதீர்கள். இன்னும் கதை முடியவில்லை.

என் அக்கா மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயந்திரம் வைத்து இரத்தத்தைச் சுத்திகரிக்கும் பிரிவு. பதினான்கு சாய்வு நாற்காலி, பதினான்கு இயந்திரம். காலை ஆறு மணிக்கு முதல் அணி உட்கார வேண்டும். யாருக்கு எந்த நாற்காலி, எத்தனை மணி நேரம் என்று வரிசை போடுவது ஒரு பழைய கணினி. அதன் விசைப்பலகையில் இரண்டு எழுத்தைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு வியாழக்கிழமை காலை அந்தக் கணினி நின்றுபோயிற்று. அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"தம்பி, இந்தச் சனியன் ஹேங் ஆயிடுச்சுடா."

"எதுக்கா?"

"கம்ப்யூட்டருதான், வேற எது?"

"கம்ப்யூட்டரா, அதுல ஓடற புரோகிராமா?"

"எல்லாம் ஒண்ணுதானே?"

"எல்லாம் ஒண்ணா! அக்கா, மவுஸ் நகருதா?"

"நகருது."

"அப்ப அது ஹேங் இல்லக்கா. ஹேங்னா என்ன தெரியுமா?"

என்று ஆரம்பித்தேன். நான்கு நிமிடம். முடங்குவது எது, உறைவது எது, முடிவில்லாமல் சுற்றுவது எது, எதற்கோ காத்திருப்பது எது. அருமையாக விளக்கினேன்! கடைசியில் அக்கா, "சரிடா, நீ பெரிய படிப்பாளி, வெச்சுடறேன்" என்றாள். அவள் புரிந்துகொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு காப்பி குடித்தேன்.

தம்பியிடம் கேட்டுப் பயனில்லை என்று அக்கா எங்கே போனாள்? இணையத்துக்குப் போனாள். பொதுமக்கள் கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்வார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, நம் மன்றத்துக்கே வந்தாள்! 'வார்டு அக்கா' என்று பெயர் வைத்துக்கொண்டாள். முதலில் தேடல் கட்டத்தில் 'ஹேங்' என்று எழுதித் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? நம் மன்றத்தில் அந்தச் சொல்லே கிடையாது! ஒரு பதிவு பாக்கியில்லாமல் நான் எடுத்துவிட்டேன்.

அவளுக்கு வேண்டிய பதில் உள்ளே இருந்தது, அவையோரே. ஐந்து ஆண்டாக இருந்தது. எழுதியவன் யார்? நான்! 'பிரிண்டர் இல்லேன்னா ஹேங் ஆகுது' என்று எவரோ கேட்டிருந்த கேள்விக்கு நானே எழுதிய பதில். அந்தத் தலைப்பை நான் என்னவாகத் திருத்தி வைத்திருந்தேன் தெரியுமா? 'வெளியீட்டுக் கருவியின் மறுமொழியின்மையால் நேரும் காத்திருப்பு முடக்கம்.' சரியான தலைப்பு. ஒரு குற்றம் சொல்ல முடியாது. இரத்தக்கறை படிந்த கையுறையைக் கழற்றிவிட்டு ஓடி வந்து ஒரு செவிலி இதையா தேடுவாள்? இந்த அரங்கத்தில் யாராவது தேடுவீர்களா? நானே தேடமாட்டேன்!

தேடிக் கிடைக்காமல் அவள் கேள்வியை எழுதினாள். இருநூற்றுப் பதினான்கு மறுமொழி வந்தது. பெருமைப்படாதீர்கள். அது ஹேங்கா உறைவா என்று எழுபது பேர். உறைவு என்பது நிலையா நிகழ்வா என்று ஐம்பது பேர். கேட்டவர் முதலில் வரையறையைப் படித்துவிட்டு வரட்டும் என்று பன்னிரண்டு பேர். ஒரே ஒருவர், ஆர்வத்துக்காக நிரல் கற்கும் தையற்காரர் ஒருவர், "பிரிண்டர் கனெக்சன் இருக்கான்னு பாருங்கம்மா" என்று எழுதினார். அதுதான் விடை! உடனே நாம் என்ன செய்தோம்? "பிரிண்டர் என்று எழுதாதீர், அச்சுப்பொறி என்று எழுதுக" என்று ஒன்பது பேர் பாய்ந்தோம். அந்த மனிதர் வெட்கப்பட்டுத் தன் மறுமொழியை அழித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் நான் வந்தேன். யார் கேட்டது என்றுகூடப் பாராமல் சொல்லைத் திருத்தி, 'தெளிவற்ற கேள்வி' என்று முத்திரை குத்தி, மூடினேன்.

அங்கே மருத்துவமனையில் கையால் எழுதி வரிசை போட்டார்கள். அவசரத்தில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று. கணக்கு வாத்தியார் ஒருவர். ஆறு மணியிலிருந்து பதினொரு மணி வரைக்கும் நடைவழிப் பலகையில் உட்கார்ந்திருந்தார். யாரையும் தொந்தரவு செய்யாத மனிதர். கூப்பிடவில்லை என்றதும் எழுந்து பேருந்தில் வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாள் தீவிர சிகிச்சை. பிழைத்துக்கொண்டார். ஆமாம் அம்மா, பிழைத்துக்கொண்டார், இப்போது நடக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே எல்லாம் சொன்னாள். "எவனோ திருத்தராம்டா. நான் எழுதுனதை மூடிட்டுப் போயிட்டான் பாவி. அவன் கையில..." வேண்டாம், அதற்குமேல் நான் சொல்லவில்லை. என் கையில் தண்ணீர்க் குவளை இருந்தது. குடிப்பதா கீழே வைப்பதா என்று தெரியவில்லை. மெதுவாகக் கேட்டேன், "உங்க வார்டு பிரிண்டர் எங்கக்கா?" புதன்கிழமை சாயங்காலம் ரிப்பேருக்குப் போயிற்று என்றாள். இல்லாத அச்சுப்பொறிக்காக நிரல் காத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அன்றைக்கே வார்டுக்குப் போய், பத்து நொடிக்குமேல் காத்திருக்காதே என்று ஒரு வரி சேர்த்தேன், ஓடியது. அக்கா என் தோளைத் தட்டி, "நீ இருக்கும்போது நான் போயி அந்தப் படுபாவிங்ககிட்ட கேட்டேன் பாரு" என்றாள். பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கு அறிவிப்பாளர் அந்தப் பையைத் திறந்துவிட்டார்.

இப்போது நீங்களே சொல்லுங்கள். சொல் சரியாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால், இழுப்பறையைக் காலி செய்துகொண்டு போனாளே, அவளுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? வேண்டும் என்றால், பலகையில் உட்கார்ந்திருந்தாரே வாத்தியார், அவருக்கு என்ன பதில் சொல்வேன்? மாதம் ஒன்றாகிறது, யோசித்து யோசித்து மண்டை காய்ந்துபோயிற்று. அங்கே ஒருவர் தலையாட்டுகிறார். ஐயா, உங்களுக்குப் புரிந்துவிட்டதா? புரிந்திருந்தால் மேடைக்கு வாருங்கள், நான் இறங்கிக்கொள்கிறேன். இல்லையா? சரி.

ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன். திருத்துவதற்கு முன் கேள்வி எப்படி இருந்தது என்று மன்றத்தின் பழைய பிரதியில் பார்க்கலாம். பதினோராயிரம் பதிவைத் திருத்தியவன் நான், ஒரு முறைகூட அப்படித் திரும்பிப் பார்த்ததில்லை. நேற்று மாலை பார்த்தேன். அக்கா எழுதியதில் நான் சொல்லை மட்டும் திருத்தவில்லை, கடைசி வரிகளையும் வெட்டியிருக்கிறேன். நம் விதி ஏழு அப்படி: வணக்கம், நன்றி, சொந்தக் கதை, புலம்பல் எல்லாம் நீக்கப்பட வேண்டும். நாம் கூடி, கைதூக்கி, நிறைவேற்றிய விதி. 'செம்மை'க்குள் அந்த விதியும் இருக்கிறது, இந்தப் பொத்தானை அழுத்தினால் நாற்பதாயிரம் பதிவிலும் அதுதான் நடக்கும். வெட்டிய வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். படிக்கிறேன்.

"பதினாலு பேர் உக்காந்திருக்காங்க. கையால எழுதி வரிசை போடறேன், ஒரு பேர் விட்டுப்போனா போச்சு. தம்பிகிட்ட கேட்டேன், அவனுக்கு நேரமில்லை. யாராவது இருக்கீங்களா?"

அவையோரே! இதில் எந்தச் சொல் பிழை? எந்தச் சொல் தெளிவில்லை? இதற்கு என்ன வரையறை வேண்டும் உங்களுக்கு? இருநூற்றுப் பதினான்கு பேர் வந்தோமே, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் ஒருவர் உண்டா? இதைப் படித்த பிறகு இந்தப் பொத்தானை அழுத்த என்னிடம் விரல் இல்லை. தலைவர் ஐயா, வேறு யாரையாவது அழுத்தச் சொல்லுங்கள், அல்லது அழுத்தாமலே விடுங்கள். எது சரி என்று இன்னமும் எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். கேள்வியை மூடியவன் நான், நானே திறக்கிறேன். ஒரு மாதம் தாமதமாகச் சொல்கிறேன்.

இருக்கேன்க்கா. நான் இருக்கேன்.

என்னக்கா? சத்தமாகச் சொல். கொஞ்சம் அமைதியாக இருங்கள், அவள் ஏதோ சொல்கிறாள். ரெண்டு மணிக்கு டூட்டியா? பேசினது போதும் இறங்கி வாடாவா? சரிக்கா, வரேன், நானே கொண்டுபோய் விடறேன்.

ஆகவே அவையோரே, கேடயம் மேசையிலேயே இருக்கட்டும், நான் புறப்படுகிறேன். இவ்வளவு நேரம் ஒரு குழம்பிய மனிதனின் பேச்சைக் கேட்ட உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம். விதி ஏழின்படி இவை இரண்டையும் வெட்ட விரும்புகிறவர் இப்போதே மேடைக்கு வந்து, என் அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு வெட்டட்டும்.