ஞானப்பூ நேந்த பாட்டு

ஆர்மோனியப் பெட்டிக்கு இந்த மலை ஈரம் ஆகவே ஆகாது, ஐயா. அதான் கோயில்ல வைக்காம எங்க வீட்டு அடுப்புக்கு மேல பரண்ல வச்சிருக்கேன். புகை பட்டா பட்டுட்டுப் போகட்டும், சத்தம் கெடாது. இந்த எஸ்டேட்டுல அதைத் தொடத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். பெருமைக்குச் சொல்லல. கொஞ்சம் பெருமையும் உண்டு, இல்லேன்னா பொய்யாயிரும்.

திருவிருந்துல அப்பம் வாங்க ஏன் முன்னால வரலன்னு கேட்டிய. தேவிகுளத்துலேர்ந்து மாசத்துக்கு ஒருக்க எங்களுக்காக நடந்து வாற போதகர் கேக்கும்போது மழுப்பக் கூடாது. உக்காருங்க, சொல்லுதேன்.

ஞானப்பூ வாறதுக்கு முந்தி நம்ம சபைப் பாட்டு எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நான் ஒரு சுதி பிடிப்பேன், ஆம்பிளைங்க ஒரு சுதியில போவாங்க, பொம்பிளைங்க கொழுந்து நிறுவைக்கு நிக்கிற மாதிரி பின்னால இழுத்துக்கிட்டு வருவாங்க. நம்ம பவுல்ராஜ் சாத்தான்குளம் பக்கம் போய் அவளைக் கட்டிக்கிட்டு வந்தான். முதல் ஞாயித்துக்கிழமை அவ வாயைத் திறந்ததும் என் கை கட்டையில அப்படியே நின்னுபோச்சு. அவ ஒரு அடி எடுத்துக் குடுத்தா சபை அதை ஏந்திக்கிடும். தூங்கி வழியுற கங்காணி நிமிந்து உக்காந்தார். நம்ம வேதத்துல சேராத லயத்து வரிசைவீட்டுச் சனமும் சன்னலுக்கு வெளிய வந்து நின்னு கேட்டுச்சு. அது நல்ல காரியமா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

திருக்கொச்சி போய்க் கேரளம் பிறந்த வருசம் அவ மக எப்சிபா விஷக்காய்ச்சல்ல கிடந்தா. நம்ம தெற்கத்திச் சனம் கிடா நேரும், முடி நேரும். இவகிட்ட கிடா ஏது. புள்ள பொழச்சா அடுத்த அறுப்பின் பண்டிகை முடியுற மட்டும் ஒரு ஞாயித்துக்கிழமையும் விடாம சபையில நின்னு பாடுதேன்னு பாட்டை நேந்துக்கிட்டா. புள்ள பொழச்சுது. பிறகு, பண்டிகைக்குக் கொஞ்ச வாரம் இருக்கும்போது, ஆத்தாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. ஆஸ்பத்திரியில பாத்துட்டு, இருதயம் வீங்கியிருக்கு, தொண்டையைத் திறந்து பாடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

அவ என்கிட்டத்தான் வந்தா. "அண்ணாச்சி, பாடாம விட்டா ஆண்டவர் புள்ளமேல கை வைப்பாரோ? போதகர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

தேவிகுளத்துக்கு வந்து உங்ககிட்ட கேட்டேன்லா. நீங்க யோசிக்கக்கூட இல்ல. "ஆண்டவர் ஒரு தாயோட உசிரையா கேக்காரு, யாக்கோபு? நேந்த பொருத்தனையிலேர்ந்து அவளை விடுவிச்சாச்சுன்னு போய்ச் சொல்லு"ன்னு சொன்னிய.

சொல்லணும்னுதான் நடந்து வந்தேன். கோயில்ல பொம்பிளைங்க அவ இல்லாம பண்டிகைப் பாட்டுப் பழகிக்கிட்டிருந்தாங்க. அதே பழைய இழுவை. வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு அவ வீட்டுக்குப் போய், "போதகர் ஐயா முடியாதுன்னுட்டார், தாயி. நேந்தது நேந்ததுதானாம். மீறினா புள்ளைக்கு ஆகாதாம். பவுல்ராஜ் காதுல போட்டுராத, பயந்துருவான்"னு சொன்னேன். அவ அழல. புள்ளைய இழுத்து மடியில வச்சுக்கிட்டு, "சரி அண்ணாச்சி, எத்தனை கட்டையில பாடணும்?"னு கேட்டா.

நான் கல்நெஞ்சுக்காரன் இல்ல. கணக்கப்பிள்ளைங்கிற முறையில அவளைச் சரிவுக்காட்டுலேர்ந்து மாத்தி, நாத்துப்பண்ணையில உக்காந்து செய்ற வேலை போட்டுக் குடுத்தேன். மூச்சை மிச்சம் பிடிச்சாத்தானே ஞாயித்துக்கிழமைக்கு ஆகும். அண்ணாச்சிக்கு எம்புட்டு இரக்கம்னு லயம் பூரா பேசிக்கிட்டாங்க. கேக்கக் கேக்க எனக்கும் அப்படித்தான் தோணிச்சு.

பண்டிகைக்கு நீங்க வந்தப்போ தேவிகுளத்துச் சபையும் கூட வந்துச்சு. அவ பாட எழுந்ததும் நீங்க திகைச்சுப் பாத்திய. "சொல்லியும் கேக்கல ஐயா, அவளாத்தான் ஆசைப்படுதா"ன்னு உங்க காதுல சொன்னேன். அவளுக்கு அஞ்சு கட்டைதான் வாகு. தேவிகுளத்துக்காரங்க கேக்கட்டும்னு நான் அஞ்சரை பிடிச்சேன். ஒருக்க என்னைத் திரும்பிப் பாத்தா, பிறகு மேல ஏறிட்டா. சபையே அழுதுச்சு. கடைசி அடியைச் சபை வாங்கிப் பாடும்போது தூணைப் பிடிச்சுக்கிட்டுச் சரிஞ்சா. நான் அந்த அடியை வாசிச்சு முடிச்சுட்டுத்தான் எழுந்தேன். பாதியில விட்டா ஆராதனை கலைஞ்சிரும்லா.

கல்லறையில நீங்க, விடுவிச்சும் நேந்ததை விடலன்னு அவளைப் புகழ்ந்திய. பவுல்ராஜ் புகழல. "போதகர் விடுவிச்சும் கேக்காம, பெத்த புள்ளைய விடப் பாட்டுதான் பெருசுன்னு போயிட்டா"ன்னு இன்னைக்கும் சொல்லுதான். பொண்டாட்டி கல்லறைக்கு ஒரு பூ வச்சதில்ல. அவன் அப்படித் திட்டும்போது நான் பக்கத்துல நின்னு தலையாட்டியிருக்கேன். வெக்கம் என்னைப் பிடுங்கித் திங்குது, ஐயா. உங்க கையால அப்பம் வாங்க மனசு வரல. ஆண்டவர் பேரையும் உங்க பேரையும் சொல்லி ஒரு தாயைக் கொன்னவன் நான்தான். சொல்லிட்டேன். இப்ப நெஞ்சு லேசா இருக்கு.

ஒண்ணே ஒண்ணு. பவுல்ராஜ்கிட்ட இப்ப எதுவும் சொல்லிராதிய. எப்சிபாவுக்கு ஆத்தா தொண்டை அப்படியே இறங்கியிருக்கு, ஆறு கட்டையும் சுளுவாப் பிடிக்கா. அப்பன்தான் பாட விடமாட்டேங்கான். "உன் உசிருக்காக உங்க அம்மா நேந்தது முழுசா நிறைவேறல, தாயி, மிச்சத்தை நீதான் பாடித் தீக்கணும்"னு புள்ளகிட்ட சொல்லி வச்சிருக்கேன். பயந்துக்கிட்டே அப்பனுக்குத் தெரியாம தெனமும் வந்து பழகுது. வாற பண்டிகை மட்டும் முடியட்டும் ஐயா, பிறகு சபை முன்னால நானே எல்லாத்தையும் சொல்லிருதேன்.